இடிக்கும் முன் ஒரு நிமிடம்: 'அவுட்சைடர் ஆர்ட்' என்றால் என்ன? சண்டிகர் ராக் கார்டன் சொல்லும் பாடம்

2025-ன் தொடக்க மாதங்களில் சண்டிகரில் ஒரு சுவர் இடிக்கப்பட்டது. சாலையை அகலப்படுத்தவும், பக்கத்தில் இருக்கும் பஞ்சாப் - ஹரியானா உயர் நீதிமன்றத்துக்கு வரும் வாகனங்களுக்குப் பார்க்கிங் வசதி செய்யவும் நடந்த வேலை அது. எந்த ஊரிலும் நடப்பதுதானே என்று மக்கள் கடந்துபோகவில்லை. இடிக்கப்பட்டது ராக் கார்டனின் சுவர் என்பதால் பலர் வீதிக்கு வந்து எதிர்ப்பு தெரிவித்தனர்.

'ஒரு சுவருக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்? அதே மாதிரி இன்னொன்று கட்டினால் போச்சு' என்று சிலருக்குத் தோன்றலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தச் சுவருக்குப் பின்னால் இருக்கும் இடம் யாரால், எப்படி, எதை வைத்துக் கட்டப்பட்டது என்று தெரிந்தால் பதில் மாறிவிடும். கூடவே இன்னொரு கேள்வியும் வரும். கலைக் கல்லூரி, கேலரி, அகாடமி என எந்த வாசலிலும் நுழையாத ஒருவர் பெரிய படைப்பு ஒன்றை உருவாக்கிவிட்டால், அதைக் காப்பாற்ற நம்மிடம் என்ன வழி இருக்கிறது?

யார் இந்த நேக் சந்த்?

நேக் சந்த் சைனி 1924-ல் பிறந்தவர். அவர் பிறந்த கிராமம் இன்று பாகிஸ்தானில் இருக்கிறது. 1947 பிரிவினையின்போது குடும்பத்தோடு ஊரைவிட்டு இந்தியா வந்தார். பஞ்சாபின் லாகூர் அந்தப் பக்கம் போய்விட்டதால், இந்தியப் பஞ்சாபுக்கு ஒரு புதிய தலைநகரம் தேவைப்பட்டது. பிரபல கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியேவின் திட்டப்படி சண்டிகர் எழும்பத் தொடங்கியது. அங்கே பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளராக 1951-ல் வேலைக்குச் சேர்ந்தார் நேக் சந்த்.

புது நகரம் கட்ட வேண்டுமென்றால் இடம் வேண்டும். அதற்காகப் பல கிராமங்கள் காலி செய்யப்பட்டன. இடிந்த வீடுகளின் ஓடு, உடைந்த பீங்கான், கண்ணாடி வளையல் துண்டு, சைக்கிள் பாகம், பழைய எலெக்ட்ரிக் சாமான் எல்லாம் குப்பையாகக் குவிந்தன. மற்றவர்களுக்குக் குப்பையாகத் தெரிந்ததை நேக் சந்த் பொறுக்கிச் சேர்த்தார். சிவாலிக் மலையடிவாரத்திலும் ஆற்றுப் படுகைகளிலும் கிடந்த விநோத வடிவக் கற்களையும் சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்தார்.

சுக்னா ஏரிக்கு அருகே, காடு மண்டிய ஒரு பள்ளத்தாக்கு. கட்டடம் எதுவும் கட்டக் கூடாது என்று ஒதுக்கப்பட்ட அரசு நிலம். 1957 வாக்கில் அங்கேதான் தன் வேலையைத் தொடங்கினார். பகலில் ஆபீஸ் வேலை. அது முடிந்ததும் காட்டுக்குள் இந்த வேலை. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வேலையும் போகும், கட்டியதும் போகும். சிமென்ட், மணல் கலவையால் உருவம் செய்து, மேலே வளையல் துண்டும் பீங்கான் துண்டும் பதித்தார். மனிதர்கள், விலங்குகள், பறவைகள் என வரிசை வரிசையாக நின்றன. 10 ஆண்டுகளுக்கும் மேலாக இந்த ரகசியம் வெளியே தெரியவில்லை.

1970-களில் அதிகாரிகள் அந்த இடத்தைக் கண்டுபிடித்தபோது, அது ஏற்கெனவே பல ஏக்கருக்குப் பரவியிருந்தது. சட்டப்படி பார்த்தால் வழக்கு சிம்பிள். அரசு நிலத்தில் அனுமதியில்லாத கட்டுமானம், இடித்துத் தள்ள வேண்டியதுதான். ஆனால் சண்டிகர் நிர்வாகத்தில் சிலர் அவசரப்படாமல் அதைப் பார்த்தார்கள். ஊர் மக்களும் வந்து பார்த்தார்கள். 1976-ல் அந்த இடம் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. நேக் சந்துக்கு அதே இடத்தைக் கவனிக்கும் வேலையும் சம்பளமும் கிடைத்தன. உதவிக்கு 50 தொழிலாளர்களும் வந்தார்கள். 1983-ல் ராக் கார்டனுக்கு அஞ்சல்தலை வந்தது. 1984-ல் நேக் சந்துக்கு பத்மஸ்ரீ கிடைத்தது.

'அவுட்சைடர் ஆர்ட்' என்ற பெயர் எங்கிருந்து வந்தது?

1945-ல் பிரெஞ்சு ஓவியர் ழான் துபுஃபே சுவிட்சர்லாந்துக்குப் போனார். அங்கே மனநல மருத்துவமனைகளில் இருந்தவர்கள் வரைந்தவற்றைப் பார்த்தார். கலைப் பயிற்சி இல்லை, விற்கும் எண்ணம் இல்லை, விமர்சகர் என்ன சொல்வாரோ என்ற கவலையும் இல்லை. இப்படிப்பட்ட படைப்புகளுக்கு அவர் வைத்த பெயர் 'ஆர் ப்ரூட்'. பதப்படுத்தாத, பச்சையான கலை என்று பொருள் கொள்ளலாம். அவர் சேர்த்த படைப்புகளுக்காக சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அதுவும் 1976-ல்தான், ராக் கார்டன் திறந்த அதே ஆண்டில்.

1972-ல் பிரிட்டிஷ் அறிஞர் ரோஜர் கார்டினல் இதைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய புத்தகத்தின் தலைப்பு 'அவுட்சைடர் ஆர்ட்'. அந்தப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

அப்படின்னா மதுபனி, வார்லி ஓவியங்களும் இதில் சேருமா? சேராது. அவை நாட்டார் கலைகள். அங்கே ஒரு சமூகம் இருக்கிறது, தலைமுறை தலைமுறையாகக் கைமாறும் முறை இருக்கிறது, கற்றுக்கொடுக்க அம்மாவோ பாட்டியோ இருக்கிறார்கள். அவுட்சைடர் கலைஞருக்கு முன்னாலும் யாரும் இல்லை, பின்னாலும் பெரும்பாலும் யாரும் இல்லை. முறையை அவரே கண்டுபிடிக்கிறார். அவரோடு அது முடிந்தும் போகிறது.

இந்தப் பெயரில் ஒரு சங்கடமும் உண்டு. 'வெளியாள்' என்று ஒருவரைச் சொல்வது யார்? உள்ளே இருப்பவர்கள்தான். படைப்பைப் பற்றி எதுவும் சொல்லாமல், படைத்தவர் எங்கே நின்றார் என்பதை மட்டும் சொல்லும் பெயர் இது. நேக் சந்த் தன்னை ஒரு அவுட்சைடராக நினைத்துக்கொண்டு கல் பொறுக்கவில்லை. ஆனாலும், இந்தப் பெயர் வந்த பிறகுதான் பல படைப்புகள் குப்பை வண்டிக்குப் போகாமல் அருங்காட்சியகத்துக்குப் போயின என்பதும் உண்மை.

பெயர் வந்தால் உரிமையும் வந்துவிடுமா?

வராது. அதற்கு சிகாகோவின் ஹென்றி டார்ஜரே உதாரணம். மருத்துவமனைகளில் துப்புரவு வேலை பார்த்தவர். வாடகை அறையில் தனியாக வாழ்ந்தார். 15,000 பக்கங்களுக்கு மேல் நீளும் ஒரு கதையையும், அதற்கான நூற்றுக்கணக்கான ஓவியங்களையும் அவர் உருவாக்கி வைத்திருந்தது, 1973-ல் அவர் இறப்பதற்குச் சற்று முன்புதான் வீட்டு உரிமையாளருக்குத் தெரியவந்தது. அந்த வீட்டு உரிமையாளர் அவற்றைத் தூக்கிப் போடாமல் காப்பாற்றினார். பின்னாளில் அந்த ஓவியங்கள் பெரிய அருங்காட்சியகங்களுக்குப் போயின, பெரிய விலைக்கும் போயின. கடைசியில் 2022-ல் டார்ஜரின் தூரத்து உறவினர்கள் காப்புரிமை தங்களுக்கே என்று நீதிமன்றம் சென்றார்கள். படைத்தவரிடம் எந்த ஒப்பந்தமும் இல்லை, உயிலும் இல்லை. அவர் உயிரோடு இருந்தபோது அந்தப் பணத்தில் ஒரு காசுகூட அவரைச் சேரவில்லை.

காகிதத்தையாவது பெட்டியில் வைத்துப் பூட்டலாம். தரையில் கட்டிய படைப்பை எங்கே வைத்துப் பூட்டுவது? நிலம் யாருடையதோ, முடிவும் அவருடையது. அவுட்சைடர் படைப்புகளில் அதிக ஆபத்தில் இருப்பவை இந்தக் கட்டுமானங்கள்தான்.

தபால்காரரும் டைல்ஸ்காரரும்

பிரான்சின் ஒத்ரீவ் கிராமத்தில் ஃபெர்டினாண்ட் ஷெவால் என்ற தபால்காரர் இருந்தார். 1879-ல் தபால் கொண்டுபோகும் வழியில் ஒரு கல் தடுக்கியது. அதன் வடிவம் பிடித்துப்போக, எடுத்து வைத்துக்கொண்டார். அதிலிருந்து தினமும் கல் சேகரிப்பு. 33 ஆண்டுகள் தனி ஆளாகக் கட்டி, 1912-ல் ஒரு கல் அரண்மனையை முடித்தார். 1924-ல் இறந்தார். 1969-ல் பிரான்சின் கலாசார அமைச்சர் ஆந்த்ரே மால்ரோ அதை வரலாற்றுச் சின்னமாக அறிவித்தார். ஷெவாலுக்கு ஒரு வசதி இருந்தது. அவர் கட்டியது தன் சொந்த நிலத்தில்.

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸில் நடந்த கதை இன்னும் முக்கியமானது. இத்தாலியிலிருந்து குடியேறிய தொழிலாளி சைமன் ரோடியா, டைல்ஸ் வேலை தெரிந்தவர். வாட்ஸ் பகுதியில் தன் சின்ன மனையில் 1921 முதல் 1954 வரை கோபுரங்கள் கட்டினார். இரும்புக் கம்பி, சிமென்ட் பூச்சு, உடைந்த பாட்டில், ஓடு, சிப்பி இவைதான் பொருட்கள். மிக உயரமான கோபுரம் ஏறக்குறைய 30 மீட்டர். வேலை முடிந்ததும் இடத்தைப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டு ஊரைவிட்டே போய்விட்டார். திரும்பி வரவே இல்லை.

சில ஆண்டுகளில் நகர நிர்வாகம் இடிக்க உத்தரவு போட்டது. அனுமதி வாங்கிக் கட்டவில்லை, எப்போது வேண்டுமானாலும் சரியலாம், மக்களுக்கு ஆபத்து என்பது நிர்வாகத்தின் வாதம். கோபுரங்களைக் காப்பாற்ற நினைத்தவர்கள் 'அழகா இருக்கு, விட்டுடுங்க' என்று கெஞ்சவில்லை. 'ஆபத்து என்றால் சோதித்துப் பாருங்கள்' என்றார்கள்.

1959 அக்டோபரில் அந்தச் சோதனை நடந்தது. கோபுரத்தில் கேபிள் கட்டி, 10,000 பவுண்ட் விசையில் இழுத்தார்கள். கிலோவில் சொன்னால் சுமார் 4,500. கோபுரம் அசைந்து கொடுக்கவில்லை. இழுத்த கருவிதான் வளைந்தது. இடிப்பு உத்தரவு கைவிடப்பட்டது. 1990-ல் அந்த இடம் அமெரிக்காவின் தேசிய வரலாற்றுச் சின்னமானது.

வாட்ஸ் கோபுரங்களைக் காப்பாற்றியதில் கலை விமர்சனத்தின் பங்கு இரண்டாவதுதான். முதலில் காப்பாற்றியது ஒரு நடைமுறை. இடிப்பதற்கு முன் ஒரு இடைவெளி, அந்த இடைவெளியில் ஒரு சோதனை, சோதனையின் முடிவை ஏற்கும் நிர்வாகம். மூன்றும் அமைந்ததால் கோபுரங்கள் நிற்கின்றன.

நம் சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் நினைவுச்சின்னங்களுக்கான மத்திய சட்டம் 1958-ல் வந்தது. அதன்படி ஒரு கட்டுமானம் பழங்கால நினைவுச்சின்னம் என்ற வரையறைக்குள் வர, குறைந்தது 100 ஆண்டுகள் இருந்திருக்க வேண்டும். கணக்குப் போட்டால், ராக் கார்டனின் மிகப் பழைய பகுதிக்கே 100 வயது ஆவது 2057 வாக்கில்தான்.

சரி, காப்புரிமைச் சட்டம்? அதில் 57-வது பிரிவு இருக்கிறது. படைப்பை விற்ற பிறகும், அதைச் சிதைத்துத் தன் பெயரைக் கெடுப்பதை எதிர்க்கும் உரிமை படைப்பாளிக்கு உண்டு என்கிறது அது. சிற்பி அமர்நாத் சேகல் டெல்லி விஞ்ஞான் பவனுக்காகச் செய்த பெரிய வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை அரசு 1979-ல் கழற்றி எடுத்தது. அவர் நடத்திய நீண்ட வழக்கில் 2005-ல் டெல்லி உயர் நீதிமன்றம், சிற்பத்தை அவரிடமே திருப்பிக் கொடுக்கவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் உத்தரவிட்டது.

ஆனால் கட்டடம் என்று வரும்போது கதை வேறு. டெல்லி பிரகதி மைதானத்தில் இருந்த 'ஹால் ஆஃப் நேஷன்ஸ்' 2017-ல் இடிக்கப்பட்டது. அதை வடிவமைத்த ராஜ் ரேவால் நீதிமன்றம் சென்றார். கட்டடத்தை இடிக்கும் உரிமை அதன் உரிமையாளருக்கு உண்டு, வடிவமைத்தவர் அதைத் தடுக்க முடியாது என்று 2019-ல் தீர்ப்பு வந்தது.

கவனிக்க வேண்டிய விஷயம், சேகலும் ரேவாலும் நாடறிந்த பெயர்கள். அரசே கூப்பிட்டு வேலை கொடுத்த ஆட்கள். ஒப்பந்தம், வரைபடம், வக்கீல் எல்லாம் வைத்திருந்தவர்கள். அவர்களுக்கே இந்த நிலை என்றால், அரசு நிலத்தில் ராத்திரியில் ஒளிந்து கட்டிய ஒருவரின் படைப்புக்குச் சட்டத்தில் எவ்வளவு பலம் இருக்கும்?

பிரபலம் ஆனால் பாதுகாப்பா?

ராக் கார்டன் இன்று ஏறக்குறைய 40 ஏக்கர் பரப்பில் இருக்கிறது. தினமும் ஆயிரக்கணக்கானோர் வருகிறார்கள். ரீல்ஸ் எடுக்காமல் யாரும் திரும்புவதில்லை. ஆனாலும் அதன் தலைக்கு மேல் கத்தி தொங்கியபடிதான் இருக்கிறது.

சாலைக்காகவும் பார்க்கிங்குக்காகவும் இந்த இடத்தின் மீது கண் விழுந்தது 2025-ல் முதல்முறை அல்ல. 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே இந்தப் பிரச்சினை வந்தது. புல்டோசர் வந்தபோது நகர மக்கள் மனிதச் சங்கிலியாக நின்று தடுத்தார்கள். 1996-ல் நேக் சந்த் வெளிநாடு போயிருந்த நேரத்தில் சிற்பங்கள் சேதப்படுத்தப்பட்டன. அவர் 2015 ஜூனில், 90 வயதில் காலமானார். அதற்குச் சரியாக 10 ஆண்டுகள் ஆகும் நேரத்தில்தான் சுவர் இடிக்கப்பட்டது.

கூப்பிடு தூரத்தில் இருக்கும் கேபிட்டல் காம்ப்ளெக்ஸைப் பாருங்கள். லெ கொர்பூசியே வடிவமைத்த சட்டமன்றம், தலைமைச் செயலகம், உயர் நீதிமன்றம் அடங்கிய வளாகம். அதன் கட்டடங்களும் 1950-60-களில் எழும்பியவைதான். 100 வயதாகவில்லை. ஆனாலும் 2016-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னப் பட்டியலில் சேர்ந்தது. அப்படியானால் வயது ஒரு தடையே இல்லை. மனம் இருந்தால் மார்க்கம் உண்டு. திட்டம் போட்டுக் கட்டிய நகரத்துக்கு அந்த மனம் வந்தது. அதே நகரத்துக்காக இடிக்கப்பட்ட கிராமங்களின் உடைசலில் கட்டிய தோட்டத்துக்கு அதே அளவு வரவில்லை.

'சுவர்தானே' என்ற கேள்விக்கும் இங்கேதான் பதில். ஓவியத்துக்குச் சட்டம் இருப்பதுபோல ராக் கார்டனுக்குச் சுவர் இல்லை. சுற்றி வளைந்து போகும் பாதை, குனிந்து நுழைய வேண்டிய சின்ன வாசல், உடைசலில் எழுப்பிய சுவர், அதன் பின்னால் திடீரென விரியும் முற்றம் எல்லாம் சேர்ந்ததுதான் படைப்பு. அதில் ஒரு பக்கத்தை எடுத்துவிட்டுப் புதிதாகக் கட்டினால், கிடைப்பது சுவர் மட்டுமே.

எல்லா ஆக்கிரமிப்பையும் விட்டுவிட முடியுமா?

முடியாது. இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கவும் கூடாது. பொது நிலம் எல்லோருக்கும் சொந்தம். நாலு சிலை வைத்துவிட்டு 'இது கலை' என்று யார் வேண்டுமானாலும் வளைத்துப் போடலாம் என்றால், அடுத்த மாதமே ஏரியும் காடும் காணாமல் போகும். நேக் சந்த் செய்தது விதிமீறல்தான். அதை மறைத்துவிட்டு அவரைக் கொண்டாடுவதில் அர்த்தம் இல்லை. நீதிமன்றத்துக்கு வருபவர்களுக்கு வண்டி நிறுத்த இடம் வேண்டும் என்பதும் பொய்யான தேவை அல்ல.

ஆனால் கேட்பது விதிவிலக்கு அல்ல, ஒரு நடைமுறை. வாட்ஸில் நடந்ததைப் போல, இடிக்கும் முன் ஒரு நிமிடம் நிற்பது.

முதலாவது, தனி ஒருவர் உருவாக்கிய இப்படி ஒரு படைப்பு கண்ணில் பட்டால், உள்ளாட்சி நிர்வாகம் உடனே ஜேசிபியை அனுப்பாமல் இருக்க வேண்டும். குறிப்பிட்ட நாட்களுக்கு வேலையை நிறுத்திவைத்து, போட்டோ, வீடியோ, அளவு என முழுமையாகப் பதிவு செய்ய வேண்டும். கடைசியில் இடித்தே ஆக வேண்டும் என்றாலும் அந்தப் பதிவாவது மிஞ்சும்.

இரண்டாவது, முடிவெடுக்கும் மேசையில் பொறியாளர் மட்டும் இருந்தால் போதாது. கலை வரலாறு தெரிந்தவர், பாதுகாப்பு நிபுணர், அந்த ஏரியா மக்கள், படைத்தவர் உயிரோடு இருந்தால் அவரும் இருக்க வேண்டும். ஆபத்து என்று சொன்னால் சோதனை முடிவைக் காட்ட வேண்டும்.

மூன்றாவது, மாநிலங்களும் நகரங்களும் வைத்திருக்கும் பாரம்பரியப் பட்டியல்களில் வயது மட்டுமே தகுதியாக இருக்கக் கூடாது. சேர்த்த பிறகு எல்லையும் தெளிவாகக் குறிக்கப்பட வேண்டும். சுவர் உள்ளே வருமா வெளியே வருமா என்ற சந்தேகம், ஜேசிபி வந்து நின்ற பிறகு எழக் கூடாது.

நான்காவது, பராமரிப்பு. கம்பியும் சிமென்ட்டும் மழையில் வெடிக்கும், துருப்பிடிக்கும். படைத்தவர் போன பிறகு அந்த வேலை தெரிந்த கைகள் வேண்டும். நேக் சந்தோடு ஆண்டுக்கணக்கில் வேலை செய்த தொழிலாளர்களைப் போன்றவர்களிடம் இருக்கும் கைப்பழக்கம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அதை எழுதி வைப்பதும், அடுத்தவருக்குக் கற்றுக்கொடுக்க வைப்பதும் செலவு அதிகம் பிடிக்கும் வேலை அல்ல.

நம் பங்கு என்ன?

ரீல்ஸ் எடுங்கள், தப்பில்லை. ஆனால் 'விநோத மனிதர்', 'வேற லெவல் பைத்தியம்' என்று கேப்ஷன் போடும் முன் கொஞ்சம் யோசிக்கலாம். செய்தவரின் பெயரைக் கேட்டுப் போடலாம். அவருக்குச் சம்மதமா என்று விசாரிக்கலாம். தனியாக வாழ்பவராகவோ மனநலச் சிக்கல் உள்ளவராகவோ இருந்தால், அவருடைய முகமும் முகவரியும் வைரல் ஆவது அவருக்கு நன்மையா என்பதையும் யோசிக்க வேண்டும்.

நேக் சந்தைக் கண்டுபிடித்தபோது, அதிகாரிகள் கையில் இடிப்பதற்கான எல்லாக் காரணங்களும் இருந்தன. விதிகள் அவர்கள் பக்கம்தான் இருந்தன. அவர்கள் செய்தது ஒன்றே ஒன்று: முடிவெடுக்கும் முன் உள்ளே நடந்துபோய்ப் பார்த்தார்கள். அன்று அந்த முடிவு சில நல்ல அதிகாரிகளின் மனதைப் பொறுத்து இருந்தது. 50 ஆண்டுகள் கழித்தும் அது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தே இருக்கிறது. அதை விதியாக எழுதிவைக்கும் வேலையை சண்டிகரிலேயே தொடங்கலாம். ராக் கார்டனின் எல்லையை வரைபடத்தில் குறித்து, அதற்குள் ஒரு கல்லை எடுப்பதென்றாலும் யாரிடம் கேட்க வேண்டும் என்பதை வெளிப்படையாக அறிவிப்பது முதல் படியாக இருக்கட்டும்.